39 குறையாதாம்... சரி, நம்ம பங்கு?

(மதுரையில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணிப் பயிலரங்கில் நம் அணித் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசாப் படிச்சுட்டுப் பகிருங்க.)

மேடையில் இருக்கும் மாவட்ட நிர்வாகிகளுக்கும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான்னு எல்லாப் பக்கமிருந்தும் காலையிலேயே கிளம்பி வந்திருக்கிற கழகத் தோழர்களுக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்த தலைப்பு தொகுதி மறுவரையறை. சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு, சுருக்கமா முடிக்கச் சொல்லியிருக்காங்க. நடுவுல கொஞ்சம் கணக்கு வரும். பொறுத்துக்கங்க.

மறுவரையறைன்னா என்னன்னு மதுரைக்காரங்களுக்குத் தனியா விளக்க வேண்டியதில்லை. சேடபட்டின்னு ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்துச்சு. சமயநல்லூர்னு ஒண்ணு இருந்துச்சு. 2008 மறுவரையறையில ரெண்டும் காணாமப் போச்சு. இன்னைக்கு மதுரை மாவட்டத்தில் 10 சட்டமன்றத் தொகுதி. அதுல ஆறுதான் மதுரை எம்.பி. தொகுதியில வருது. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகர் எம்.பி.க்கு. உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனி எம்.பி.க்கு. கலெக்டர் ஆபீஸ் மதுரையில, எம்.பி. ஆபீஸ் வேற ஊர்ல. உசிலம்பட்டித் தோழர்களைக் கேட்டா அந்த அலைச்சலைச் சொல்லுவாங்க.

ஆனா 2008ல மாறினது உள்ளுக்குள்ள இருக்கிற கோடுகள் மட்டும்தான். தமிழ்நாட்டுக்கு 39ங்கிற எண்ணை யாரும் தொடல. இப்ப வரப்போறது அந்த எண்ணிலேயே கை வைக்கிற வேலை.

அரசியல் சட்டத்தின் 81ஆவது பிரிவு, மக்கள்தொகைக்கு ஏத்த மாதிரி மாநிலங்களுக்கு மக்களவை இடம் கொடுக்கணும்னு சொல்லுது. ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் இதைத் திருத்தணும்னு 82 சொல்லுது. 1976ல 42ஆவது திருத்தம் மூலமா 1971 கணக்கெடுப்போட இதை நிறுத்தி வச்சாங்க. 84ஆவது திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டுச்சு. அதைக் கொண்டுவந்தது வாஜ்பாய் அரசு, இதை நாம அடிக்கடி ஞாபகப்படுத்தணும். காரணமும் அப்பவே சொன்னாங்க: மக்கள்தொகையைக் கட்டுப்படுத்துற மாநிலங்களுக்கு ஊக்கம் குறையக்கூடாது. இப்ப 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளா வச்சுக் கணக்கெடுப்புன்னு 2025 ஜூன் 16ல அறிவிக்கை வந்தாச்சு. 2021ல எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2026ஐத் தாண்டிப் போனதால, பூட்டு தானா திறக்குது.

சரி, 1971க்கும் இன்னைக்கும் என்ன வித்தியாசம்? நான் பொதுவா ஒரே ஒரு ஒப்பீடுதான் சொல்லுவேன். 1971ல தமிழ்நாட்டு மக்கள்தொகை 4 கோடியே 12 லட்சம். இன்னைக்குப் பீகார்னு சொல்ற பகுதியில, அதாவது ஜார்க்கண்டைக் கழிச்சுட்டு, 4 கோடியே 21 லட்சம். கிட்டத்தட்ட சமம். அதனாலதான் நமக்கு 39, அவங்களுக்கு 40. 2011ல நாம 7 கோடியே 21 லட்சம், அவங்க 10 கோடியே 41 லட்சம். ஒரே கோட்டுல நின்ன ரெண்டு பேர், 40 வருஷத்துல 3 கோடி வித்தியாசம்.

இந்த வித்தியாசம் எப்படி வந்துச்சுன்னு மேடையில நாம சரியாச் சொல்றதே இல்லை. "மத்திய அரசு சொன்னதைக் கேட்டோம், தண்டனை கொடுக்கிறாங்க"ன்னு ஒரு வரியில முடிச்சுடறோம். அது பாதி உண்மைதான். சிவப்பு முக்கோணத்தைச் சுவர்ல வரைஞ்சா யாரும் பிள்ளை பெறுறதை நிறுத்த மாட்டாங்க. பெரியார் கர்ப்பத்தடை பற்றி எழுதினது நாடு சுதந்திரம் அடையறதுக்கு முன்னாடி. நாட்டுப் பொருளாதாரத்துக்காகன்னு அவர் சொல்லல, பெண்ணோட விடுதலைக்காகன்னு சொன்னார். அப்புறம் பள்ளிக்கூடம் வந்துச்சு, மதிய உணவு வந்துச்சு, பொம்பளைப் பிள்ளைங்க படிச்சாங்க, கல்யாண வயசு தள்ளிப்போச்சு. ஊர் ஊரா ஆரம்ப சுகாதார நிலையம், வீட்டுத் திண்ணையில உக்காந்து பேசின கிராம சுகாதார செவிலியர், நம்ம ஊர்ல நர்சம்மான்னு சொல்லுவோமே, அவங்க. பெத்த பிள்ளை பிழைக்கும்னு நம்பிக்கை வந்த பிறகுதான் ஒரு தாய் ரெண்டோட நிறுத்தினாங்க. அப்பத்தா வீட்டுல ஏழெட்டுப் பேர், அம்மா வீட்டுல நாலு பேர், நம்ம வீட்டுல ரெண்டு. இங்க இருக்கிற பாதிப் பேர் கதை இதுதான்.

இதுல இருட்டுப் பக்கமும் உண்டு. 1980கள்ல உசிலம்பட்டிங்கிற பேர் பெண் சிசுக்கொலைக்காக நாடு முழுக்கப் பத்திரிகையில வந்துச்சு. 1992ல தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது அந்தக் கொடுமையைத் தடுக்கத்தான். சின்னக் குடும்பம்ங்கிற சாதனையைப் பேசும்போது இதை மறைச்சுட்டுப் பேசக்கூடாதுங்கிறது என் கருத்து. எதிர்த்தரப்பு எடுத்துப் போடறதுக்கு முன்னாடி நாமளே சொல்றது நல்லது.

இன்னைக்கு நிலைமை என்ன? தேசியக் குடும்ப நல ஆய்வு, 2019-21. ஒரு பெண்ணுக்குச் சராசரியாப் பிறக்கிற குழந்தை தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3.0. மக்கள்தொகை நிலையா நிக்க 2.1 வேணும். நாம அதுக்குக் கீழ போய் ரொம்ப வருஷம் ஆச்சு. "மாட்டுத்தாவணியில நிக்க இடமில்ல, நீ குறையுதுங்கிற"ன்னு டீக்கடையில கேப்பாங்க. நியாயமான கேள்வி. மதுரை மாவட்டம் 2001ல 25.78 லட்சம், 2011ல 30.38 லட்சம். கூடத்தான் செஞ்சிருக்கு. முன்னாடி நிறையப் பிறந்த தலைமுறை வளர்ந்து அவங்க பிள்ளை பெத்தாங்க, ஆயுளும் கூடுச்சு, வேலை தேடி வெளியூர்க்காரங்களும் வந்தாங்க. அந்த வேகம் அடங்கினதும் இறங்குமுகம்தான். நீலகிரி மாவட்டத்தில 2001க்கும் 2011க்கும் நடுவுலயே தலை எண்ணிக்கை குறைஞ்சிருச்சு. கேரளாவுல பத்தனம்திட்டா, இடுக்கி ரெண்டும் குறைஞ்சிருச்சு.

இப்ப முக்கியமான கணக்கு. போனை எடுத்துக் கூடவே போடுங்க. 2011ல இந்தியா 121 கோடி. இருக்கிற 543 இடத்தையே மக்கள்தொகைப்படி பிரிச்சா, ஒரு எம்.பி.க்குச் சுமார் 22.3 லட்சம் பேர். தமிழ்நாட்டுக்கு 32 வரும். ஏழு போச்சு. கேரளாவுக்கு 20ல இருந்து 15. உத்தரப் பிரதேசம் 80ல இருந்து 90ஐத் தொடும். 2027 கணக்கு வந்தா இன்னும் மோசமாத்தான் இருக்கும்.

இதைச் சொன்னா உடனே பதில் வருது, "யாருக்கும் ஒரு சீட்டுகூடக் குறையாது"ன்னு. 2025 பிப்ரவரி 26ல உள்துறை அமைச்சர் கோவையில் வந்து அதைத்தான் சொன்னார். விகிதாசார அடிப்படையில குறையாதுன்னார். எதோட விகிதம்? இப்ப இருக்கிற இடங்களோட விகிதமா, மக்கள்தொகையோட விகிதமா? பேச வேண்டியது அந்த இடத்துலதான்.

புது நாடாளுமன்றக் கட்டடத்துல மக்களவைக்கு 888 இருக்கை போட்டிருக்காங்க. 888ஐ 2011 மக்கள்தொகைப்படி பிரிச்சுப் பாருங்க. தமிழ்நாட்டுக்கு 53. ஆகா, 39 எங்க, 53 எங்க, 14 கூடிருச்சேன்னு தோணும். அந்தப் பக்கம் உத்தரப் பிரதேசத்துக்கு 146. இன்னைக்கு ரெண்டுக்கும் இடைவெளி 41 சீட், அப்ப 93. நம்ம பங்கு இன்னைக்கு நூத்துக்கு 7.18. அப்ப 6க்கும் கீழ. இதே பங்கு 888ல இருக்கணும்னா நமக்கு 64 வேணும். 53 கொடுத்துட்டு "கூட்டிட்டோம்"னா, கண்ணுக்குத் தெரியாம 11 சீட்டை எடுத்துட்டாங்கன்னு அர்த்தம். பந்தியில இட்லியைக் கூட்டினாங்களான்னு மட்டும் பார்க்காதீங்க, இலை எத்தனை கூடுச்சுன்னும் பாருங்க. ஓட்டெடுப்புல ஜெயிக்கிறது பங்குதான்.

ரெண்டு சீட்டுல என்ன வந்துடப் போகுதுன்னு கேக்கிறவங்களுக்கு ஒரு பழைய கதை. 1962 தேர்தல்ல நம்ம மாநிலத்துக்கு 41 எம்.பி. 1961 கணக்கெடுப்பை வச்சு 1967ல 39 ஆக்கிட்டாங்க. இதைக் கேள்வி கேட்டது எந்தக் கட்சியும் இல்லை, நம்ம ஒத்தக்கடைப் பக்கம் இருக்கிற உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. 2021 ஆகஸ்டில், தென்காசி தனித்தொகுதி தொடர்பான வழக்கில், நீதிபதிகள் கிருபாகரனும் புகழேந்தியும் கேட்டாங்க: மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தினதுக்காக ரெண்டு எம்.பி.யைப் பறிச்சது நியாயமா? ஒரு எம்.பி.க்கு 200 கோடின்னு வச்சு, 14 தேர்தலுக்கு 5,600 கோடி ரூபாய் ஏன் கொடுக்கக்கூடாதுன்னு கேட்டாங்க. 1999 ஏப்ரல் 17ல மத்திய அரசு கவிழ்ந்தது ஒரே ஒரு ஓட்டுல. ரெண்டு சீட்டோட மதிப்பு அதுதான்.

பணத்திலும் இதே கதை நடந்துட்டுத்தான் இருக்கு. மாநிலங்களுக்கான வரிப் பகிர்வில நம்ம பங்கு 12ஆவது நிதிக்குழுவில 5.305 சதவீதம், 15ஆவதில 4.079. அது தனித் தலைப்பு, இன்னொரு நாள் பேசலாம்.

எதிர்த்தரப்போட வலுவான கேள்வி ஒண்ணு இருக்கு, அதை ஒதுக்கிட்டுப் போகக்கூடாது. 2011ல மத்தியப் பிரதேசம் 7 கோடியே 26 லட்சம், நம்மளைவிடக் கொஞ்சம் அதிகம். அவங்களுக்கு 29 எம்.பி., நமக்கு 39. "என் ஓட்டுக்கு மட்டும் ஏன் மதிப்பு கம்மி?"ன்னு போபால்ல ஒருத்தர் கேட்டா என்ன சொல்வீங்க? அவரைத் திட்டறது பதில் இல்லை. இந்தியா மாநிலங்களின் ஒன்றியம், அதனால தலை எண்ணிக்கை மட்டுமே இங்க எப்பவும் அளவா இருந்ததில்லைங்கிறதுதான் பதில். 2011 கணக்கில் 64 ஆயிரம் பேர்தான் இருந்த லட்சத்தீவுக்கும் ஒரு எம்.பி. உண்டு. அமெரிக்காவுல கலிபோர்னியாவுக்கும் குட்டி வயோமிங்குக்கும் செனட்ல தலா ரெண்டு பேர். நம்ம மாநிலங்களவையில அந்தச் சமநிலைகூட இல்லை. உத்தரப் பிரதேசம் 31, நாம 18. பெரிய மாநிலங்கள் மட்டும் சேர்ந்து ஒரு மொழி, ஒரு தேர்வு, ஒரு கல்விக்கொள்கைன்னு முடிவு பண்ணா தடுக்கறதுக்கு நமக்கு வேற கதவு கிடையாது. போபால்காரருக்கு அதிகாரம் வேணும்னா சட்டமன்ற இடங்களைக் கூட்டிக்கட்டும், உள்ளாட்சிக்கு நிதி கொடுக்கட்டும், அதுக்கு நாம குறுக்க நிக்கப் போறதில்லை. 2025 மார்ச் 5 அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் கேட்டதும் இதுதான்: 2026லிருந்து 30 வருஷத்துக்கு 1971 அடிப்படையே தொடரணும், இடங்களைக் கூட்டினா இப்ப இருக்கிற விகிதத்திலேயே கூட்டணும்.

அடுத்து நம்ம அணிக்கு மட்டும் ஒரு வார்த்தை. "வடக்கன்"னு மீம் போடறதை நிறுத்துங்க தோழர்களே. "பெத்துத் தள்றாங்க"ன்னு ஒரு பதிவு போட்டா லைக் வரும், ஆனா அந்தத் தாய்க்கு வீட்டுத் திண்ணைக்கு ஒரு நர்சம்மா வரல, பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம் இல்ல. அவங்களைக் கேலி பண்றது நம்ம கொள்கையையே கேலி பண்றது. இன்னொண்ணு, கணக்கெடுப்புல ஒருத்தரை எண்றது அவர் குடியிருக்கிற இடத்துல. மதுரையில கட்டட வேலை செய்ற பீகார் தம்பி இங்கயே தங்கியிருந்தா, தமிழ்நாட்டுக் கணக்குலதான் வருவார். அமெரிக்காவுல 2020 கணக்கெடுப்புல நியூயார்க் மாநிலம் ஒரு இடத்தை இழந்துச்சு. இன்னும் 89 பேரைக் கூடுதலா எண்ணியிருந்தா அது தப்பியிருக்கும். விரட்டினா நமக்குத்தான் நட்டம்.

அதே மாதிரி, "நிறையப் பிள்ளை பெத்துக்கங்க"ங்கிற பேச்சும் வேண்டாம். ஆந்திராவுல முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு அப்படித்தான் சொல்லிட்டிருக்கார். ரெண்டு பிள்ளைக்கு மேல இருந்தா உள்ளாட்சித் தேர்தல்ல நிக்க முடியாதுங்கிற விதியை 2024ல நீக்கினாங்க, அது சரிதான். ஆனா ஒரு எம்.பி. சீட்டுக்காக ஒரு பெண் மூணாவது, நாலாவது பிள்ளை பெறணும்னு கேக்கிற உரிமை எந்தக் கட்சிக்கும் இல்லை. பெண்களுக்கான 33 சதவீத இடஒதுக்கீட்டையும் 2023ல இதே மறுவரையறையோட முடிச்சுப் போட்டு வச்சிருக்காங்கங்கிறதையும் மகளிர் அணி அக்காமார் சேர்த்தே பேசணும்.

வேலை ரெண்டு. ஒண்ணு, 39, 53, 64 மூணு எண்ணையும் மனப்பாடம் பண்ணிக்கங்க. யாராவது "குறையாது"ன்னா "53ஆ, 64ஆ?"ன்னு மட்டும் கேளுங்க. ரெண்டு, கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது உங்க தெருவுல ஒரு வீடுகூட விடுபடாமப் பாத்துக்கங்க. பூட்டின வீடு, வாடகை வீடு, வேலைக்கு வந்த பசங்க தங்குற ரூம், எல்லாம். வட்ட வாரியா யார் யார்ங்கிற பட்டியலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துடலாம்.

#பங்கு_எங்கே #நியாயமான_மறுவரையறை