விற்றவர் யார் என்று கேளுங்கள்

(தோட்ட மண்டபக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாணிபச் சட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம் என்றவுடன், இது முதலாளிமார்க்கும் வழக்கறிஞர்களுக்கும் உரிய செய்தி என்று சிலர் எண்ணக்கூடும். ஆகவே, உங்களுக்கு நன்கு தெரிந்த ரப்பரிலிருந்தே தொடங்குகின்றோம்.

விடியற்காலையில் நீங்கள் நிரையில் வெட்டி எடுத்த பால் ஆலைக்குச் சென்று, உறைந்து, துகளாகி, உலர்ந்து, 33 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பொதியாக அமுக்கப்பட்டுக் கப்பலேறுகின்றது. அதை வாங்கும் டயர்த் தொழிற்சாலைக்காரர் உங்கள் நிரையைக் கண்டவர் அல்லர். ஆலையைக் கண்டவரும் அல்லர். பின் எதை நம்பிப் பணம் கொடுக்கின்றார்? பொதியின் மேலுள்ள தரக் குறியை நம்பியே கொடுக்கின்றார். 1965ஆம் ஆண்டில் நம் நாடு மலேசியத் தர ரப்பர்த் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன்னர் ஷீட்டு ரப்பரைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பதே வழக்கம். அதற்குப் பின்னரோ, அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று சோதனைக்கூடத்தில் அளந்து, எஸ்.எம்.ஆர். என்னும் எழுத்துகளைப் பொறிக்கலாயினர். குறியில் சொன்னதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இல்லையெனில், யாரைக் கேட்பது என்பதும் தெரியும்.

நம் ரப்பர் விற்கப்படும் முறை இது. நாம் பொருள் வாங்கும் முறை எப்படி இருக்கின்றது?

சில மாதங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் பேசிவிட்டுத் திரும்பும் வேளையில், ஒரு தாய் எங்களைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். அடுப்படியில் ஒரு தண்ணீர் வடிகட்டி இருந்தது. விலை 2,200 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு மாதச் சம்பளத்தையும் விஞ்சிய விலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இரண்டு இளைஞர்கள் வந்தார்களாம். குழாய் நீரில் எதையோ கலந்து கறுப்பாக்கிக் காட்டினார்களாம். “அம்மா, பிள்ளைகள் இதையா குடிக்கிறார்கள்?” என்று கேட்டார்களாம். அதன் பிறகு எந்தத் தாய் மறுப்பார்? இரண்டே மாதத்தில் வடிகட்டி நின்றுபோயிற்று. கையிலிருந்த சீட்டில் ஒரு கைத்தொலைபேசி எண் மட்டுமே இருந்தது. அந்த எண்ணும் இயங்கவில்லை.

இந்தத் தாய்க்குச் சட்டம் துணை நிற்கவில்லையா? நின்றது. வீடு வீடாகச் சென்று விற்பதற்கென்றே 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் இருக்கின்றது. முன்னேற்பாடின்றி வரும் விற்பனையாளர் ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் வாசலில் நிற்கக் கூடாது. மற்ற நாட்களில் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வரக் கூடாது. தம் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். போகச் சொன்னால் போய்விட வேண்டும். 300 வெள்ளியும் அதற்கு மேலும் மதிப்புள்ள விற்பனை எழுத்து மூலமாக இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, ஒப்பந்தம் செய்த மறுநாளிலிருந்து 10 வேலை நாட்களுக்கு ஆற அமரச் சிந்திக்கும் காலம் உண்டு. அதற்குள் வேண்டாம் என்று எழுத்து மூலம் தெரிவித்து ஒப்பந்தத்தை முறித்துக் கொள்ளலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கணவர் கோபித்துக் கொண்டார் என்பதுகூடப் போதும்!

இத்தனை இருந்தும் அவர் தடுமாறியது ஏன்? விற்றவர் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. எந்தச் சட்டமும், யார் மீது என்று கேட்டுத்தான் தொடங்குகின்றது. நாங்கள் இன்று சொல்ல வந்தது பெரும்பாலும் இதுதான்.

கடையில் வாங்குவோருக்கு இத்தொல்லை குறைவு. கடை இருக்குமிடம் தெரியும். ஆனால் அங்கே வேறொரு பூச்சாண்டி இருக்கின்றது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்னும் அறிவிப்பே அது. அதைப் பார்த்ததும் நம்மவர் பலர் வாய்திறவாமல் திரும்பி விடுகின்றனர். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும், சொன்ன விவரத்தோடு ஒத்திருக்கும், சொன்ன பயனுக்கு உதவும் என்னும் உறுதிகள் ஒவ்வொரு விற்பனையிலும் அடங்கியுள்ளன. கடைக்காரர் சுவரில் எதை எழுதி ஒட்டினாலும் அவ்வுறுதிகள் அழிந்து போவதில்லை. ஆயினும் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: சேலையின் நிறம் வீட்டிற்கு வந்த பின் பிடிக்கவில்லை என்பதற்கு இச்சட்டம் உதவாது. குறையிருந்தால்தான் உதவும்.

இனி உங்கள் பிள்ளைகளின் கையிலுள்ள தொலைபேசிக்கு வருவோம். ஒப்பந்தம் என்றால் முத்திரைத்தாளும் கையொப்பமும்தான் என்று எண்ணுகின்றோம். அது தவறு. வாய்ச்சொல்லாலும் ஒப்பந்தம் ஏற்படும். 2006ஆம் ஆண்டின் மின்னியல் வாணிபச் சட்டத்தின்படி, தொலைபேசி வழியே அனுப்பிய செய்தி, காகிதத்தில் இல்லை என்ற ஒரே காரணத்தால் செல்லாததாகி விடாது. உயில், அதிகாரப் பத்திரம் போன்ற சிலவற்றுக்கு அச்சட்டம் பொருந்தாது. மற்றபடி, விரல் நுனியால் அழுத்துவதும் சம்மதமே. இது இரு பக்கமும் வெட்டும். நீங்கள் அழுத்தினால் கட்டுப்படுகின்றீர்கள். அவர் அனுப்பிய செய்தியும் அவரைக் கட்டுப்படுத்துகின்றது. “3 நாளில் வரும், ஓராண்டு உத்தரவாதம்” என்று எழுதியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். படம் பிடித்து வைத்துக் கொள்ளுங்கள்.

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் இணைய வாணிபத்தைத் தொடவில்லை. 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அந்தக் குறை நீங்கிற்று. இணையத்தில் விற்பவர் தம் பெயர், தொடர்பு முகவரி, பொருளின் முக்கியத் தன்மை, அனுப்பும் செலவு உள்ளிட்ட முழு விலை ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்று 2012ஆம் ஆண்டில் விதிகள் வந்தன. 2024 டிசம்பரில் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. பெயரும் முகவரியும் காட்டாத விற்பனையாளரிடம் பணம் அனுப்பாதீர்கள். வாசல் விற்பனைக்குரிய 10 நாள் உரிமை தொலைபேசியில் வாங்கியதற்கும் உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே திருப்பி அனுப்பும் நாட்கணக்கு, பெரும்பாலும் அந்தந்த நிறுவனம் வகுத்துக் கொண்டதே.

போலிப் பொருளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றோம். பிறருடைய வாணிகச் சின்னத்தைப் பொய்யாகப் பதித்த பொருளை விற்பது குற்றம். 1976ஆம் ஆண்டின் வாணிகச் சின்னச் சட்டத்திற்குப் பதிலாக 2019இல் புதிய சட்டம் வந்துள்ளது. பெரிய நிறுவனத்தின் சின்னத்தைக் காப்பது நமக்கு எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். மோட்டார் சைக்கிளின் பிரேக் கட்டை போலியாயிருந்தால், தோட்டத்துச் செம்மண் சரிவில் உருளப் போவது அந்த நிறுவனம் அன்று. தலைக்கவசம் வாங்குகையில் சிரிம் முத்திரையைப் பாருங்கள்.

குறை நேர்ந்தால் எங்கே போவது? வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்பீர்கள். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் வாதாட இடமில்லை. அங்கே நீங்களும் நிறுவனத்தாரும் நேருக்கு நேர் அமர்வீர்கள். கட்டணம் 5 வெள்ளி. மன்றம் விசாரிக்கக் கூடிய தொகை தொடக்கத்தில் 10,000 வெள்ளியாக இருந்து, 2003இல் 25,000 ஆகி, 2019இல் 50,000 வெள்ளியாக உயர்ந்தது. கோரிக்கை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். சொந்த உபயோகத்திற்கு வாங்கியதாக இருக்க வேண்டும். வியாபாரத்திற்கு வாங்கியது சேராது. மன்றத்தின் தீர்ப்பை மதிக்காமல் இருப்பது குற்றமாகும்.

படிவம் மலாய் மொழியில் இருக்கின்றது. இடைநிலைப் பள்ளியில் படிக்கும் மகனோ மகளோ அதை நிரப்பித் தர முடியும். பதிந்த படிவத்தின் பிரதியை எதிர்த்தரப்பாருக்கு நேரிலோ பதிவுத் தபாலிலோ சேர்ப்பிப்பது உங்கள் பொறுப்பு. முகவரி இல்லாமல் எங்கே சேர்ப்பிப்பது? பொருளை அனுப்பும் எண்ணமே இன்றிப் பணத்தைப் பறித்தவன் மோசடிக்காரன். அவன் மீது மன்றத்தில் கோரிப் பயனில்லை. அப்பொழுது தாமதியாமல் 997 என்னும் எண்ணை அழையுங்கள். காவல் நிலையத்திலும் புகார் செய்யுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக் கொண்டிருக்கும்.

வடிகட்டி வாங்கிய தாயின் செய்தி பாதியில் நிற்கின்றது. அன்று அந்த இயந்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் அழுக்குப் படிந்த ஓர் ஒட்டுத்தாள் இருந்தது. துடைத்ததும் இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயரும் முகவரியும் தெரிந்தன. அயல்நாட்டில் செய்த பொருளுக்கு, அந்த உற்பத்தியாளர் இந்நாட்டில் இல்லாதபோது, இறக்குமதி செய்தவரையே உற்பத்தியாளராகச் சட்டம் கருதுகின்றது. அந்தப் பெயரை எழுதிப் படிவத்தைப் பதிவு செய்துவிட்டார். விசாரணை நாளை எதிர்பார்த்துக் கொண்டிருக்கின்றார். முடிவு எப்படி இருக்கும் என்று எங்களால் சொல்ல இயலாது. அவரிடம் முறையான ரசீது இல்லை, ஒரு சீட்டு மட்டுமே உள்ளது.

படிவங்கள் சில கொண்டு வந்திருக்கின்றோம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அலுவலகத்தில் கேட்டாலும் விவரம் சொல்வார்கள். வீட்டில் ரசீதோ, சீட்டோ, தொலைபேசியில் செய்தியோ இருந்தால் எடுத்து வாருங்கள், மேசையருகில் அமர்ந்திருப்போம்.