ஞாயிற்றுக்கிழமை வாத்தியார்கள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நமது சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் பாடம் சொல்லும் எங்களில் எவரும் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர். வார நாட்களில் ரயில்வே குமாஸ்தாக்கள்; ஞாயிறு காலையில் வாத்தியார்கள். எங்களுக்குப் பயிற்சி அளித்து வருபவர்கள் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளே.

இவ்வகுப்பு இனியும் வேண்டுமா என்று இவ்வாண்டு செயற்குழுவில் ஒரு பேச்சு எழுந்தது. பள்ளியில் ஆங்கிலம், இந்தி, தெலுங்கு மூன்றும் இருக்க, நான்காவது எழுத்து பிஞ்சு மூளைக்குச் சுமையன்றோ என்றனர் சில பெற்றோர். நியாயமான கவலைதான். வகுப்பில் நாங்கள் கண்டது வேறு.

2018 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தெலங்கானாப் பள்ளிகளில் தெலுங்கு கட்டாயப் பாடம். ஆகவே நம் பிள்ளை தமிழுக்கு வெறுங்கையோடு வருவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் தெலுங்கிலும் தனித்தனி எழுத்துக்கள். குறில் நெடிலை அவன் நொடியில் பற்றிக்கொள்கிறான். இந்தி எழுத்து மட்டும் அறிந்து வரும் பிள்ளையோ 'எடு', 'ஏடு' இரண்டையும் ஒன்றாகவே படிக்கிறது. தெலுங்கில் ஓர் எழுத்தின் கீழ் மற்றொன்று தொங்கும். தமிழில் மெய்க்குப் புள்ளி வைத்து அருகருகே எழுதினால் போதும். அதைக் கண்டு பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி.

ஒரு சிறுவன் கேட்டான்: "மாமா, தெலுங்கில் இந்த 'ப'வுக்கு நாலு எழுத்து இருக்கிறதே, தமிழில் மற்ற மூன்றும் எங்கே?" விதி சொன்னால் குழந்தைகள் கொட்டாவி விடுவர். 'பம்பரம்' என்று பலமுறை உரக்கச் சொல்லச் செய்தோம். முதற் பகரம் வன்மையாகவும், மகர ஒற்றை அடுத்தது மென்மையாகவும் ஒலிப்பதை அவர்கள் வாயே அவர்களுக்குக் காட்டியது. பிறகு 'தங்கம்', 'பக்கம்' என்று தாமே சொற்களைத் தேடத் தொடங்கினர். எழுத்து ஒன்று, இடத்திற்கேற்ப ஒலி வேறு. பிறந்தது முதல் நாம் செய்து வருவதுதான். அச்சிறுவன் கேட்கும் வரை எங்களில் எவரும் அதை எண்ணிப் பார்த்ததில்லை.

1939 இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து, முந்நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு ஆசிரியப் பயிற்சி அளித்தார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவித் தடவிக் கற்பது அவர் முறை. நம் பாட்டனார் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதியதற்கு இது தூரத்து உறவு என்றே சொல்ல வேண்டும். நாங்களும் கடையில் உப்புத்தாள் வாங்கி வந்து எழுத்துக்களை வெட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு 'ஞ'வைத் தடவிக் கண்டுபிடிப்பது இப்போது வகுப்பில் பெரிய பந்தயம்.

இதனால் என்ன பயன்? சென்ற கோடை விடுமுறையில் நம் காலனிக் குடும்பம் ஒன்று சார்மினார் விரைவு வண்டியில் சென்னை சென்றது. தடா வரை பெயர்ப்பலகைகளில் தெலுங்கு; எல்லை தாண்டியதும் முதல் தமிழ்ப் பலகை ஆரம்பாக்கம். வண்டி கடந்து போகும் அந்த நொடியில் அவர்கள் மகள் அதைப் பிழையின்றிப் படித்தாளாம். மெலிந்த பகரமும் வலித்த ககரமும் அந்த ஒரு பெயரிலேயே இருக்கின்றன, பாருங்கள்!

ஊரில் பாட்டி கைப்பட எழுதி வைத்திருந்த சமையல் குறிப்பில் மட்டும் அவள் தடுமாறினாள். 'லை', 'னை' முதலியவற்றைப் பாட்டி தும்பிக்கை போட்ட பழைய வடிவில் எழுதியிருந்தார். பெரியார் 1935 முதல் தம் ஏட்டில் கையாண்ட சீர்திருத்த எழுத்தைத் தமிழக அரசு ஏற்றது 1978 இல். பாட்டி பள்ளி சென்றதோ அதற்கு வெகு காலம் முன்பு. இரண்டே நாளில் பேத்திக்கு அதுவும் பிடிபட்டது. அதுவரை தொலைபேசியில் "நல்லா இருக்கேன்" என்பதோடு ஓடிவிடும் அச்சிறுமி, இப்போது ஒவ்வொரு பக்கமாகப் படித்துப் பாட்டியிடம் சந்தேகம் கேட்கிறாளாம். சுமை என்று நினைக்கும் பெற்றோர் அந்தத் தாயாரிடம் பேசிப் பார்க்கலாம்; அவர் இந்த அவையில்தான் இருக்கிறார்.

தற்போது ழகரம் நடக்கிறது. இன்றைய தெலுங்கில் அவ்வெழுத்து வழங்குவதில்லை. ஆகவே இவ்விடத்தில் எங்களுக்கு ஏணி கிடையாது. தாய்மார்களிடம் ஒரே விண்ணப்பம். பிள்ளைகளுக்குப் பழம் உரித்துத் தரும்போது, தயவு செய்து 'வாளப்பளம்' என்னாது வாழைப்பழம் என்றே சொல்லித் தாருங்கள். எங்கள் வேலை பாதி குறையும்.