இடையன்குடிக் கோயிலும் ஏடு காக்கும் நெறியும்

தூத்துக்குடித் தமிழர்க்குக் கால்டுவெல் பெயர் புதிதன்று. 1856இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எடுத்துரைக்காத தமிழ் மேடை குறைவு. முத்துத்துறையாகிய கொற்கையில் அகழ்ந்து பார்த்தவரும் அவரே. ஆயினும் அவர் 33 ஆண்டுகள் முயன்று எழுதிய இன்னொரு நூல் பனைகளுக்கிடையே இடையன்குடியில் நிற்கிறது. நூலென்று நான் கூறுவது அங்குள்ள தூய திரித்துவ ஆலயத்தை.

அவர் அவ்வூருக்கு வந்தது 1841இல். 1847இல் தொடங்கிய கட்டடவேலை நிறைவுற்று, 1880இல்தான் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. கூர்வளைவுச் சாளரத்தைக் கண்டறியாத உள்ளூர்க் கொத்தர்களுக்கு அவர் களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்பர். ஒரு மொழியின் இலக்கணத்தைப் பிறமொழியாளர்க்கு விளக்கும் வேலையன்றோ அது!

அவருடைய துணைவியார் எலைசா அம்மையாரும் அவ்வூர்ப் பெண்களுக்குக் கல்வியும் லேஸ் பின்னலும் கற்பித்தவர். 1968இல் சென்னைக் கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை எழுந்தது. அம்மையாரை நம் மேடைகள் நினைப்பதே அரிது. இஃது இடைப்பிறவரல், பொறுத்தருள்க.

2011இல் அவர் வாழ்ந்த இல்லத்தை அரசு நினைவில்லமாக்கியது, மகிழத்தக்கதே. ஆலயங்களோ வழிபடுவோர் கையில் உள்ளன. அவர்தம் அன்பே சில வேளை கேடாகி விடுகிறது. நம் கரையோரப் பழஞ்சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் எழுந்தவை. அச்சாந்து ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளிவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபடும்; உப்புப் பூக்கும்; புறம் பளபளக்க, அகத்தே செங்கல் பொடிந்துதிரும். பூசியவர் பகைவரல்லர். திருவிழாவுக்குமுன் அழகு செய்ய நினைத்தவர்.

ஏட்டுச்சுவடியோடு பழகியவர் இதனை அறிவர். செல்லரித்த இடத்தில் தமக்குத் தோன்றிய சொல்லை இட்டு நிரப்பியவரும் பாட்டைக் கெடுக்க எண்ணியவரல்லர். உ.வே.சாமிநாதையரோ, சிதைந்த பகுதிகளைப் புள்ளியிட்டே அச்சிட்டார். சுவருக்கும் அந்த அடக்கம் வேண்டும். பழுதுற்ற இடத்தில் மட்டும் சுண்ணாம்பையே இட்டுச் செப்பனிடுக. கல்லெழுத்தின்மேல் வண்ணம் பூசற்க. கூரையைப் பிரிக்குமுன் அளந்து வரைந்து வைத்துக்கொள்க.

பத்தாண்டு கண்ட இவ்வட்டத்திடம் ஒரு வேண்டுகோள். உறுப்பினர் தத்தம் ஊர்ப் பழைய கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எதுவாயினும் அங்குள்ள கல்லெழுத்துகளைப் படியெடுத்து வாருங்கள். எழுத்துப்பிழை இருப்பின் அதுவும் அப்படியே இருக்கட்டும். திருத்தக் கை துடிக்கும். கவிஞர்க்குச் சற்றுக் கூடுதலாகவே துடிக்கும். 1891இல் மறைந்த கால்டுவெல்லின் கல்லறை இடையன்குடி ஆலயத்தினுள்ளேயே உள்ளது. அங்கிருந்து தொடங்கலாம்.