நிற்கும்போது வரும் மயக்கம்

(தோட்ட மாதர் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



காலைப் பெரட்டில் நிற்கும்போதும், பால் நிறுக்கும் இடத்தில் வரிசையில் காத்திருக்கும்போதும் நம் பெண்களில் சிலருக்குத் தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது. "500 மரம் நடந்து வெட்டியவளுக்குச் சும்மா நிற்க முடியாதா?" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. அந்தக் கேள்விக்கு மருத்துவ நூலார் கூறும் விடையை இன்று சொல்ல விரும்புகிறேன்.

நாம் எழுந்து நின்றவுடன் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்திலும் நெஞ்சிலும் உள்ள பெருங்குழாய்களில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை மூளைக்குச் செய்தி அனுப்பும். உடனே இருதயம் வேகமாக அடிக்கும். இரத்தக் குழாய்கள் சுருங்கும். மூளைக்குக் குறைவின்றி இரத்தம் போகும். நடக்கும்போது கெண்டைக்கால் தசையும் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் அந்த உதவி இல்லை. ஆகவே மரம் வெட்டும்போது வராத மயக்கம், வெயிலில் வரிசையில் நிற்கும்போது வருகிறது.

பெண்களுக்கு இது அதிகம் வருவதேன்? ஆணைவிடப் பெண்ணின் இருதயம் சிறியது. ஒரு துடிப்பில் அது தள்ளும் இரத்தமும் குறைவு. அத்துடன் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பு இரத்தக் குழாயின் உட்சுவரைத் தூண்டி, குழாயைத் தளரச் செய்கிறது. இது குறையன்று, இளம் வயதில் இருதயத்துக்குப் பாதுகாப்பும் அதுவே. ஆனால் குழாய் சுருங்க வேண்டிய நேரத்தில் அந்தத் தளர்ச்சி இடையூறாகலாம்.

கருவுற்ற தாய்க்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் பன்மடங்கு பெருகுகின்றன. உடலில் இரத்தத்தின் அளவு கூடினாலும் குழாய்கள் மிகத் தளர்வதால், நடு மாதங்களில் அழுத்தம் தாழ்ந்து, கடைசி மாதங்களில் மீண்டும் ஏறுகிறது. மாதவிடாய் நின்ற பிறகோ சுரப்பு குறைந்து, குழாய்கள் விறைத்து, அழுத்தம் ஏறத் தொடங்குகிறது. அதற்காக உண்ணும் மாத்திரையாலும் சிலருக்கு எழுந்து நிற்கையில் தலை சுற்றும்.

தோழர்களே! மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. நல்லதுதான். ஆனால் பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்னதாக அவ்விடுப்பைத் தொடங்க முடியாது. அழுத்தம் தாழும் நடு மாதங்களில் நம் சகோதரி பெரட்டில்தான் நிற்கிறாள். செக்ரோல் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவள் பத்து நிமிடம் உட்கார்ந்ததற்காக அரைப்பேர் போடுவது நியாயமன்று. பெரட்டுக் களத்தில் ஒரு பெஞ்சு, பால் நிறுக்கும் இடத்தில் நிழலும் குடிநீரும், கர்ப்பிணிக்கு வரிசையில் முதல் இடம்: இம்மூன்றையும் நாம் கேட்டுப் பெறவேண்டும். இவற்றால் நிர்வாகத்துக்குப் பெருஞ்செலவில்லை.

தாய்மார்களே! வெறுந்தேநீரோடு வேலைக்கு வராதீர்கள், தண்ணீர் குடியுங்கள். நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கண் இருட்டினால் வெட்கப்படாமல் உட்காருங்கள் அல்லது படுத்துக் காலை உயர்த்துங்கள். கிளினிக்கில் படுத்த நிலையில் ஒரு முறையும், நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுமுறையும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருத்துவர் கவனிக்க வேண்டும். இரத்தச் சோகையும் மயக்கம் தரும், அதையும் சோதியுங்கள். மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்; உப்பையும் நீங்களாகவே கூட்டாதீர்கள். கர்ப்பிணிக்கு மயக்கத்தோடு வயிற்று வலியோ உதிரப்போக்கோ கண்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இம்மூன்று கோரிக்கைகளையும் தீர்மானமாகக் கொண்டுவர மாதர் பகுதியினர் முன்வருமாறு கேட்டு, என் உரையை முடிக்கிறேன்.