மணிக்கட்டு நோவும் இயன்மருத்துவமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய பேச்சு)



உடல்நலம் பற்றிச் சில வார்த்தை பேசுமாறு சங்கத்தார் சிறியேனைப் பணித்தனர். சுருவிலில் வீட்டுக்கு வீடு கேட்கும் ஒரு முறைப்பாட்டையே பொருளாக எடுத்துக்கொண்டேன். அது மணிக்கட்டு நோ.

தீவகத்து வாழ்வு கைகளினால் நடப்பது. கிணற்றில் அள்ளுதல், வலை பொத்துதல், பனையோலை இழைத்தல், தேங்காய் திருவுதல், குழந்தையைத் தூக்குதல் ஆகிய யாவற்றையும் தாங்குவது மணிக்கட்டே. அங்கே எட்டுச் சிறு எலும்புகள் இரு வரிசையாக அமைந்துள்ளன. உள்ளங்கைப் பக்கத்து ஒடுங்கிய வழியொன்றினூடாக ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. இத்துணை நெருக்கமான இடத்தில் ஒரே அசைவு நாள் முழுவதும் நிகழுமானால் நோ உண்டாவதில் வியப்பென்ன?

எல்லா நோவும் ஒன்றன்று. பெருவிரற் பக்கத்தில் நொந்தால், அங்குள்ள இரண்டு நாண்களின் உறை தடித்திருக்கக்கூடும். சுவிற்சர்லாந்துச் சத்திரவைத்தியர் டி கெர்வேன் 1895இல் விவரித்த இந்நோய், கைக்குழந்தையுள்ள தாய்மாரிடம் மிகுதி. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் இரவில் விறைத்தால் நரம்பு நெருக்குண்டிருக்கலாம். கையை ஊன்றி விழுந்தபின், பெருவிரல் அடியிலுள்ள குழியில் நொந்தால் எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரே படத்தில் அம்முறிவு தெரியாமற் போவதுமுண்டு. கவனியாது விட்டால் எலும்பு பொருந்தாமலே போய்விடக்கூடும். இளஞ்சூட்டு எண்ணெய் நோவுக்கு இதந்தரும். ஆனால் விழுந்த கையை இழுத்து நெட்டி முறிக்கலாகாது என்பதைப் பெரியோர் மனங்கொள்ள வேண்டுகிறேன்.

இனி, இயன்மருத்துவம் என்ன செய்கிறது? முதலாவது, நோவைத் தரும் அசைவைக் குறைப்பது. பெருவிரல் நோவுக்கு அவ்விரலையும் சேர்த்துத் தாங்கும் பட்டை கட்டுவர். விறைப்புக்கு, இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையைச் சில கிழமைகள் கட்டுவர். இரண்டாவது, அசைவை மீட்பது. முன்கையை மேசையில் வைத்து, கையை விளிம்புக்கு வெளியே விட்டு, மெல்ல மேலும் கீழும் பத்துமுறை அசைப்பர். மூன்றாவது, பலத்தை மீட்பது. நோ தணிந்தபின், அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்து அதே பயிற்சியைச் செய்வர். பயிற்சியின் பின் சிறிது நொந்து மறுநாட் காலையில் அடங்கினால் தொடரலாம். கூடினால் குறைக்க வேண்டும்.

இம்மருத்துவத்தின் பெரும்பகுதியை நோயாளியே தம் வீட்டிற் செய்கிறார். ஆகவே அவருக்கு அது விளங்க வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, அங்காதிபாதம், இரணவைத்தியம் முதலிய நூல்களைத் தமிழிலாக்கினார். வைத்தியம் மக்கள் மொழியில் விளங்கவேண்டும் என்ற அவர் நோக்கம் இன்றும் பொருந்தும். பயிற்சி விளங்காவிடின் வெட்கப்படாது மீண்டும் கேளுங்கள்.

ஊர்காவற்றுறை வைத்தியசாலையில் முதலிற் காட்டலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இயன்மருத்துவப் பகுதி உண்டு. அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சைக்குப் பணமில்லை. ஆயினும் பஸ் ஏறிப் போய்வர ஒருநாள் உழைப்புப் போகும். அதனாலேயே பலர் நோவை மறைக்கின்றனர். ஓலை இழைத்துப் பிழைக்கும் தாயொருத்திக்கு ஒருநாட் கூலி சிறிதன்று. ஆனால் கை முற்றாய் ஓய்ந்தால் இழப்பு எத்தனை நாளைக்கு?

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. “கைக்கு ஓய்வு கொடுங்கள்” என்று வைத்தியர் சொல்வது எளிது. அம்மா ஓய்ந்தால் தேங்காய் திருவுவது யார்? தண்ணீர் அள்ளுவது யார்? பட்டையும் பயிற்சியும் பாதி மருத்துவம். அவ்வேலையை நாம் ஏற்பதே மறுபாதி. ஆண்பிள்ளைக்கு இது தகாது என்று எவரேனும் நகைத்தால் நகைக்கட்டும். குழந்தையைத் தூக்கும்போதும் பெருவிரல்களை விரித்துக் கக்கத்திற் பிடியாமல், உள்ளங்கைகளை மேல்நோக்கி வைத்து அடியிலிருந்து ஏந்துமாறு அக்காமாருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

நோ சற்றுத் தணிந்தவுடன் பயிற்சியை நிறுத்துவோரே பலர். கிழமைக்கணக்கிற் பொறுமை வேண்டும். நம்மை வளர்த்த கைகளுக்காக அத்துணைப் பொறுமை காட்டுவது நமக்குப் பாரமாகாது.