ஓட்டு எங்கே இருக்கிறது?

(லாங் ஐலண்டில் தமிழ்க் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



யெரட்டா துறையில் படகேறி வந்த நாங்கள் ஒன்றைத்தான் கேட்க வந்தோம். உங்கள் ஓட்டு இங்கே இருக்கிறதா, ஊரில் இருக்கிறதா?

பலரும் “ஊரில்” என்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பெயரை எடுத்துவிட்டால் ஊர் நம்மை மறந்துவிடும் என்று பெரியவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை நாங்கள் கேலி செய்யமாட்டோம். ஆனால் தேர்தலுக்கென்று ஊருக்குப் போனவர் எத்தனை பேர்? சென்னைக் கப்பலுக்கே மூன்று நாளாகிறது!

வடகோடித் தீவிலிருந்து தெற்கே இந்திரா முனை வரை நமக்கு ஒரே மக்களவைத் தொகுதி. சட்டமன்றம் கிடையாது. மாநிலங்களவையிலும் இடமில்லை. பஞ்சாயத்துக்கு மேலே நாம் தேர்ந்தெடுப்பது ஒரே ஓர் ஆளைத்தான். அந்த உரிமையும் தாமதமாகவே வந்தது. 1952, 1957, 1962 மூன்று முறையும் குடியரசுத் தலைவர் நியமித்தவரே டில்லிக்குப் போனார். 1967-ல்தான் தீவு மக்கள் ஓட்டுப் போட்டார்கள்.

கணக்கையும் பாருங்கள். 2024-ல் தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்குச் சராசரியாகச் சுமார் 16 லட்சம் வாக்காளர்கள். இங்கே மொத்தமே 3 லட்சத்துக்குச் சற்று மேல். ஊரில் தூங்கும் ஓட்டு இங்கே வந்தால் ஐந்து ஓட்டின் கனம் பெறும்.

ரீயூனியன் தீவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் இடம். பிரான்சைச் சேர்ந்தது, ஆகவே ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் அவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். 2004, 2009, 2014 தேர்தல்களில் பிரான்சின் கடல் கடந்த பகுதிகளுக்கென்றே ஒரு தொகுதி இருந்தது, மூன்று இடங்களோடு. 2019 தேர்தலில் அது இல்லை. பிரான்ஸ் முழுவதும் ஒரே தொகுதியாகிவிட்டது. இப்போது பாரிசில் கட்சிகள் போடும் பட்டியலில் மேல்வரிசையில் இடம் கிடைத்தால்தான் தீவுக்காரருக்கு வழி.

அங்கே வாக்காளர் இருக்கிறார்கள், தொகுதி போய்விட்டது. இங்கே தொகுதி இருக்கிறது, பட்டியலில் நாம் இல்லை! 2002-ல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியபின் காட்டு வேலை சுருங்கியதே, அதைப் பற்றி ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேட்க நமக்கு என்ன பிடி இருக்கிறது?

இரண்டு ஊரில் பெயர் வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. பெயரை மாற்ற எட்டாம் எண் படிவம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஆறாம் எண். இரண்டும் கொண்டுவந்திருக்கிறோம். எழுத வராதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம். படகு கிளம்புமுன் அடையாள அட்டையோடு வாருங்கள்.