வாடிக்கையாளர் நாவும் வழிப்போக்கர் நாவும்

உணவகத்தில் உண்டு கைகழுவி வெளியே வருபவர், உடன் வந்தவரிடமோ மறுநாள் அலுவலகத்திலோ அந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும் கருத்து பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் நீள்வதில்லை. 'பரவாயில்லை', 'பழைய ருசி இல்லை', 'வாயில் வைக்க வழியில்லை', 'வயிற்றை ஒன்றும் செய்யவில்லை' என்று போகிற போக்கில் சொல்லப்படும் இத்தீர்ப்புகள் எழுதிவைக்கப்படுவதில்லை; தீர்ப்புச் சொன்னவரிடம் யாரும் தகுதிச் சான்று கேட்பதுமில்லை. ஆயினும் ஒரு தெருவில் எந்தக் கடை நிலைக்கும், எது ஆறு மாதத்தில் பூட்டப்படும் என்பதில் விளம்பரத்தைக் காட்டிலும் இவற்றுக்கே பங்கு அதிகம். சொந்த ஊரில் உண்பவர் சொல்வதும் பயணத்தில் உண்பவர் சொல்வதும் கேட்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும், இருவர் கையிலும் இருக்கும் அளவுகோல் வேறு. அந்த வேறுபாட்டைத் தமிழகத்து உணவகங்களைக் கொண்டு இவ்வுரை விளக்க முற்படுகிறது.

வழியில் உண்டதை அடுத்து வருபவருக்குச் சொல்லும் வழக்கம் தமிழில் சங்ககாலத்திலேயே ஓர் இலக்கிய வகையாக வேரூன்றிவிட்டது. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிரே வரும் வறிய கலைஞரைக் கண்டு, அவ்வள்ளலின் ஊருக்குச் செல்லும் வழியையும் வழியில் கிடைப்பவற்றையும் எடுத்துரைப்பதாக அமையும் பாட்டுக்கு ஆற்றுப்படை என்று பெயர். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பற்றி நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, கடற்கரை ஊரான எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீனும், வேலூரில் எயினர் வீட்டுப் புளிச்சோற்றோடு ஆமான் என்னும் காட்டுப்பசுவின் சுட்ட இறைச்சியும், வயல்வளம் மிக்க ஆமூரில் வெண்சோற்றோடு நண்டுக் கலவையும் கிடைக்கும் என்று ஊர்வாரியாகச் சொல்லிச் செல்கிறது. பெரும்பாணாற்றுப்படையோ, அந்தணர் இல்லத்தில் மாதுளங்காயை மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் வேகவைத்திருப்பார்கள், கூடவே மாவடு ஊறுகாயும் இருக்கும் என்று பக்குவத்தையும் சேர்த்தே தெரிவிக்கிறது. எந்த ஊரில் எது, அது எப்படி ஆக்கப்பட்டது என்ற இவ்விரு செய்திகளும் இன்றைய பயணிக்கும் போதுமானவை. ஆனால் இப்பட்டியல்களில் குறை என்று ஒன்று கிடையாது. தேடிப் பார்த்தால், பொருநராற்றுப்படையில் கரிகாலனின் அரண்மனையில் இரவும் பகலும் இறைச்சி தின்ற பொருநனுக்குப் பற்கள் கொல்லையை உழுத கொழுவைப் போல மழுங்கிவிட்டதாக வருகிறது. சங்கப் பாணர் கூட்டம் சோற்றைப் பற்றிச் சொன்ன மிகப் பெரிய புகார் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

குறை சொல்லப்படாமைக்குக் காரணம், அவர்கள் உண்டது விருந்து என்பதே. இலைபோட்டு உபசரித்தவரின் சமையலில் உப்புக் குறைந்தது என்று சொல்வதை இன்றும் தமிழ்க் குடும்பங்கள் மரியாதைக் குறைவாகவே கருதுகின்றன. தஞ்சை மராட்டிய மன்னர்கள் யாத்திரிகருக்காக நடத்திய சத்திரங்களிலும் சோறு அறமாகவே இடப்பட்டது. விலைக்குச் சோறு விற்கும் உணவகம் வந்த பிறகுதான், உண்டவர் காசு கொடுத்தவர் என்ற உரிமையோடு சாம்பாரை உரக்கப் பழிக்க முடிந்தது. இந்த உரிமையும் எல்லாருக்கும் ஒருங்கே கிடைத்துவிடவில்லை. காப்பிக் கடைகளில் நிலவிய சாதிப் பாகுபாட்டை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தென்னிந்திய ரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் ஒதுக்கும் முறை 1941இல்தான் ஒழிந்தது. பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் சென்னைத் திருவல்லிக்கேணியில் 1957இல் மறியல் நடத்த வேண்டியிருந்தது. உணவக அனுபவம் என்று இன்று எளிதாகப் பேசப்படுவதற்குப் பின்னால் இத்தனை வழக்குகள் கிடக்கின்றன.

சொந்த ஊர்க் கடையை எடுத்துக்கொண்டால், அதற்கு அன்றாடம் வருபவர் அங்கே புதுமையைத் தேடுவதில்லை; நேற்றிருந்தது இன்றும் இருக்கிறதா என்று பார்க்கிறார். மாறாமல் இருக்கும்வரை அவர் பேசுவதே இல்லை, மாறிய அன்றுதான் வாய் திறக்கிறார் என்பதால், வாடிக்கையாளரின் மௌனத்தைப் பாராட்டு என்று கொள்வதே பொருந்தும். அந்த மாறாமையைக் காப்பது வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணுவதைவிடக் கடினம். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற கணக்கில் அரைத்த மாவு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் புளிக்கவேண்டும். மார்கழிக் குளிரில் அந்த நேரம் நீளும், சித்திரைப் புழுக்கத்தில் குறையும். பழைய உளுந்து வந்துவிட்டால் மாவு பொங்காது. வீட்டில் என்றால் அன்றைக்கு உப்புமா கிண்டிச் சமாளிக்கலாம். விடியற்காலையில் கதவைத் திறக்கும் கடைக்கு அந்த வசதி இல்லை. மாவு ஆட்டுபவரும் சரக்கு மாஸ்டரும், அதாவது குழம்பு முதலியவற்றுக்குப் பொறுப்பான சமையற்காரரும், கைப்பழக்கத்தால் மட்டுமே இந்த ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்டுகிறார்கள். ஆகவே சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்தவுடன் 'மாஸ்டர் மாறிவிட்டாரா?' என்று சர்வரிடம் கேட்கும் வாடிக்கையாளரின் ஐயம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

உள்ளூர்க்காரருக்குத் தெரிந்த இன்னொன்று வேளை. பகல் பன்னிரண்டு மணிக்கு முதல் பந்தியில் உட்காருபவர் உண்ணும் ரசமும் இரண்டரை மணிக்கு வருபவர் உண்ணும் ரசமும் ஒரே பாத்திரத்திலிருந்துதான் வருகின்றன. முன்னவருக்குத் தெளிவும் மல்லித்தழை மணமும் கிடைக்க, பின்னவருக்கு அடி வண்டலோ, அதை ஈடுகட்ட ஊற்றிய வெந்நீரோ கிடைக்கிறது. டிகாக்‌ஷனும் அப்படியே: முதலில் இறங்கியதற்கும், அதே தூளில் மறுபடி நீரூற்றி இறக்கியதற்கும் உள்ள வேறுபாட்டை டவரா டம்ளரில் எவ்வளவு நுரை பொங்க ஆற்றினாலும் மறைக்க முடியாது. இவற்றை அறிந்தவர் தம் ஊர்க் கடையைப் பற்றிச் சொல்லும்போது 'காலையில் போ', 'ஒரு மணிக்குள் போய்விடு' என்று சேர்த்தே சொல்வார். வெளியூரார் செவியில் இது சிறு குறிப்பாகப் படலாம். அக்கடையைப் பற்றிச் சொல்லத்தக்க உண்மையில் பாதி அதில்தான் இருக்கிறது.

பயணியின் நிலை வேறு. வேறுபாட்டை நாடிச் செல்பவர் அவர். விருதுநகரில் புரோட்டாவைக் கல்லில் சுட்டெடுப்பதோடு நில்லாமல், விளிம்பு உயர்ந்த அகன்ற தட்டில் எண்ணெய் ஊற்றி அதில் பொரித்தெடுக்கிறார்கள். மைதாவை எண்ணெய் விட்டுப் பிசைந்து ஊறவைத்து, காற்றில் வீசி மெல்லிய துணிபோல் விரித்து, மடித்துச் சுருட்டித் தட்டிய அந்த வட்டம், மேற்புறம் மொறுமொறுப்பும் உள்ளே அடுக்குமாக வெந்து வருகிறது. இலையில் போட்டதும் பிய்த்து, அதன்மேல் நீர்த்த இறைச்சிக் குழம்பாகிய சால்னாவை ஊற்றி, ஊறவேண்டியது ஊறியும் முறுகல் போகாமலும் இருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குள் உண்டுவிட வேண்டும். பார்சல் கட்டி விடுதி அறைக்குக் கொண்டுபோனவர் அதைப் பழித்தால், அந்தப் பழிக்கு உரியவர் கடைக்காரர் அல்லர். மதுரையில் தோசைமேல் முட்டையும் கொத்துக்கறியும் பரப்பிச் சுடும் கறிதோசையும், ஆம்பூரில் பிரியாணியோடு தொட்டுக்கொள்ளத் தரப்படும் புளிப்பேறிய கத்திரிக்காயும், திண்டுக்கல் பிரியாணியின் சிறுமணிச் சீரகச் சம்பா அரிசியும் அந்தந்த ஊருக்குப் போகிறவர் கேட்டு உண்பவை.

ஆனால் வேறுபாட்டைத் தேடிப் போனவரே அதைக் கண்டதும் வீட்டு அளவுகோலை வெளியே எடுப்பது பயணத் தீர்ப்புகளின் பெரிய குறை. நீண்ட பாசுமதிக்குப் பழகியவர் சீரகச் சம்பாவைக் கண்டு 'குருணை போல் இருக்கிறது' என்கிறார். உடுப்பி முறையில் வெல்லம் சேர்த்த சாம்பாரைச் சுவைத்த தமிழர், அந்த ஊர்க்காரருக்குச் சாம்பார் வைக்கத் தெரியவில்லை என்று முடிவுகட்டுகிறார். காய்களும் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளும் சொதியை உண்டு வளர்ந்த திருநெல்வேலிக்காரர், யாழ்ப்பாணத்தில் இடியப்பத்தோடு தரப்படும் நீர்த்த மஞ்சள்நிறச் சொதியைப் பார்த்து ஏமாறுகிறார். இவை சுவை பற்றிய தீர்ப்புகளே அல்ல; சொன்னவர் எந்த ஊரார் என்பதை மட்டுமே அவை தெரிவிக்கின்றன. பசியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு மணி நேரம் பேருந்தில் குலுங்கிவந்தவர் உண்ட முதல் தோசையைப் பற்றிச் சொல்லும் புகழுரையில் சரிபாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்கவேண்டும்.

பயணியின் புகார்களில் மிகப் பழகிப்போனது, இரவுப் பேருந்துகள் நிற்கும் நெடுஞ்சாலை மோட்டல்களைப் பற்றியது. ஆறிய இட்லி, பெயருக்குச் சட்னி, இருமடங்கு விலை, நெருங்க முடியாத கழிப்பறை என்று தமிழகத்தில் அதை அறியாதவர் இல்லை. இதைச் சமையற்காரரின் திறமைக் குறைவாக மட்டும் பார்ப்பது தவறு. ஊர்த்தெருவில் இருக்கும் கடைக்காரர், இன்று வந்தவர் நாளையும் வந்தால்தான் பிழைக்க முடியும். நெடுஞ்சாலைக் கடைக்கோ வாடிக்கையாளர் என்று யாருமில்லை. பேருந்து நிற்கும் இருபது நிமிடத்தில் இறங்கியவர் வேறெங்கும் போகமுடியாது; நாளை வேறு பேருந்தில் வேறு ஆட்கள் இறங்குவார்கள். அங்கே வண்டியை நிறுத்துவது யார் என்பதே வணிகத்தைத் தீர்மானிக்கிறது, யார் உண்பது என்பதல்ல. திரும்பி வராத ஒருவருக்கு நல்ல சாம்பார் வைப்பதால் அக்கடைக்கு வரவு எதுவும் இல்லை.

வழிப்போக்கர் தாம் உண்டதைப் பற்றிப் பிறரிடம் பேசுவதன் பயன் இங்கேதான் தெளிவாகிறது. அவர் அந்த ஊருக்கு மறுபடி போகப்போவதில்லை என்றாலும், அவர் சொல்லைக் கேட்டவர் போவார் அல்லது போகாமல் இருப்பார். அந்தச் சொல் அவருக்குப் பதிலாகக் கடைக்குத் திரும்பிச் செல்கிறது. பிரான்சின் மிஷ்லின் டயர் நிறுவனம் 1900இல் வாகன ஓட்டிகளுக்காக வெளியிடத் தொடங்கிய கையேட்டில் 1926இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் இட ஆரம்பித்ததும், 1931இல் அதை மூன்று நட்சத்திரம் வரை விரித்ததும் இந்தத் தேவையைக் கண்டுகொண்டதால்தான். அந்த நட்சத்திரங்களின் விளக்கமே பயணத்தை வைத்து அமைந்தது: இரண்டு பெற்ற கடைக்காகச் சுற்றிக்கொண்டும் போகலாம், மூன்று பெற்றதற்காகத் தனிப் பயணமே மேற்கொள்ளலாம். தமிழகத்தில் இப்பணியை லாரி ஓட்டுநர்களும், ஊர் ஊராகச் செல்லும் மருந்து நிறுவனப் பிரதிநிதிகளும் எந்தக் கையேடும் இன்றிச் செய்துவருகிறார்கள். மருந்துப் பிரதிநிதியின் சொல்லை நம்பலாம். ஒரே கடைக்கு மாதந்தோறும் போகும் அவர் பாதி வழிப்போக்கர், பாதி வாடிக்கையாளர். லாரிகள் நிற்கும் கடை நல்ல கடை என்ற நம்பிக்கை அந்த அளவுக்கு உறுதியானதல்ல, ஏனெனில் லாரி நிற்பதற்குச் சோற்றைவிட இடவசதி முதற்காரணமாக இருப்பதுண்டு.

வெளிநாடு செல்லும் தமிழர் வேறொரு வகை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் 1947 முதல் இயங்கிவரும் கோமள விலாசத்தைப் போன்ற இடங்களில் உண்பவர், தோசையை மட்டுமல்லாமல் ஊர் நினைவையும் சேர்த்தே உண்பதால், அவர் தீர்ப்பை அவரவர் ஏக்கத்துக்கு விட்டுவிடுவதே நியாயம்.

சுவையைப் பற்றி இவ்வளவு பேசும் தமிழர், கட்டணச் சீட்டைப் பற்றி ஏனோ பேசுவதில்லை. 2017 நவம்பர் முதல் பெரும்பாலான உணவகங்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. நட்சத்திர விடுதிகள் சிலவற்றில் மட்டும் அது கூடுதல். சேவைக் கட்டணம் என்ற பெயரில் உணவகம் தானாகவே ஒரு தொகையைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் கடையில் பார்வைக்கு இருக்கவேண்டும். கல்லாப்பெட்டியருகே சில்லறைக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே இவற்றைப் பார்த்துவிட முடியும்.

எனவே நேயர்கள், ஒரு கடையில் உணவு கெட்டிருந்தால் ஊருக்குத் திரும்பித் தூற்றுவதற்கு முன் கல்லாவில் இருப்பவரிடம் அங்கேயே சொல்லிவிட வேண்டும். நன்றாக இருந்தால், அந்த ஊருக்குப் புறப்படுபவரிடம் கடையின் பெயரோடு பண்டத்தையும் வேளையையும் விலையையும் சேர்த்துச் சொல்லி அனுப்ப வேண்டும்.